பத்துக்கு இரண்டு

டொக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத நோ. இன்றைக்கு எத்தனை? நான் அதைத் தமிழில் அம்மாவிடம் சொல்வேன். அம்மா கதிரையின் நுனியில், முதுகைச் சாய்க்காமல், கைப்பையை மடியில் பிடித்தபடி இருப்பார். கொஞ்சம் யோசிப்பதுபோல மேலே பார்ப்பார்.

"ரெண்டு எண்டு சொல்லு."

நான் "டூ" என்பேன். டொக்டர் அதைக் கணினியில் பதிவார்.

எட்டு வயதிலிருந்து எங்கள் வீட்டுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். அப்பா நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. குடிவரவுக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், பல் வைத்தியரின் பேச்சு எல்லாம் என் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி ரீச்சர் சொன்ன முறைப்பாட்டைக்கூட நானே அம்மாவுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், கொஞ்சம் குறைத்து. ஆனால் அம்மா சொன்னதை மற்றவர்களிடம் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்வது அவருக்கு நான் கொடுக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்து சுகமானது. இந்த மாரியில் அது முள்ளந்தண்டு எலும்புக்குத் திரும்பி வந்திருந்தது. மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வீதியில் மூன்று மேடுகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மேட்டிலும் கார் ஏறி இறங்கும்போது அம்மா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு "யேசுவே" என்பார். காரிலிருந்து இறங்க அவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். இறங்கி, உள்ளே போய், கதிரையில் இருந்து, இரண்டு என்பார்.

இரண்டு என்றால் நல்லது என்று டொக்டர் சந்தோசப்படுவார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று அதே நோ மருந்துக் குளிசைகளைத் தொடரலாம், கதிர்ச் சிகிச்சைக்கு இப்போது அவசரமில்லை. நான் அதையும் மொழிபெயர்ப்பேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தபசு காலம் தொடங்கி இரண்டாவது கிழமை, ஆஸ்பத்திரி வரவேற்பில் ஹெல்த் கார்ட் கேட்டார்கள். அம்மாவின் கைப்பையில் தேடினேன். செபமாலை வைக்கிற சின்னப் பை வழக்கத்தைவிடப் பருத்திருந்தது. கார்ட் அதற்குள் இருக்கலாம் என்று திறந்தேன். செபமாலைக்குக் கீழே, ரிசுக் கடதாசியில் கவனமாகச் சுற்றி, குளிசைகள். காலைக் குளிசையும் இருந்தது, பின்னேரக் குளிசையும் இருந்தது.

"என்னம்மா இது?"

"வை அதை. எல்லாரும் பாக்கினம்."

"நீங்கள் குடிக்கிறேல்லையோ?"

"வீட்டை போய்க் கதைப்பம்."

அன்றைக்கும் டொக்டர் கேட்டார். அன்றைக்கும் இரண்டு. அன்றைக்கும் நான்தான் அதைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மழையும் பனியும் கலந்து பெய்தது. அம்மா கண்ணாடி துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோவை ஆண்டவருக்கு ஒப்புக்குடுத்திருக்கிறன்," என்றார்.

"ஆருக்காக?"

"ஆருக்காக எண்டு கேக்கிறான். எனக்கு வேற ஆர் இருக்கினம்? நீ நன்மை எடுத்து எத்தினை வருசம்?"

பூசையில் நற்கருணை வாங்குவதை எங்கள் ஆட்கள் நன்மை எடுப்பது என்பார்கள். ஆறு வருடம். அது அவருக்கே தெரியும்.

"நீ நன்மை எடுக்கிற அண்டைக்கு நான் குளிசை எடுப்பன். அவ்வளவுதான் என்ரை நேர்த்திக்கடன். டொக்டருக்குச் சொல்லிப்போடாதை."

ஆறு வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில், கணினிப் பாடங்களுக்கு நடுவே தத்துவத்தில் ஒரு பாடம் எடுத்தேன். விரிவுரையாளர் ஒருநாள் மூன்று வாக்கியங்களைப் பலகையில் எழுதினார். கடவுள் எல்லாம் வல்லவர். கடவுள் முழுதும் நல்லவர். உலகத்தில் தீமை இருக்கிறது. இதில் எந்த இரண்டையும் ஒன்றாக வைக்கலாம், மூன்றையும் ஒன்றாக வைக்க முடியுமா என்று கேட்டார். நான் அந்த மூன்றையும் கொப்பியில் எழுதி, பஸ்ஸில் வீடு வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தேன். யாரோ என் வீட்டுக் கதையை மூன்று வரியில் எழுதிவிட்டார்கள் என்று இருந்தது.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். சண்டைக் காலத்தில் அம்மாவும் அவருடைய தங்கச்சியும் மற்றச் சனங்களோடு ஒரு கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். கிறிஸ்தவர்களாகிய நாங்களும் கோயில் என்றுதான் சொல்லுவோம். அம்மா வாளியோடு கிணற்றடிக்குப் போனார். தங்கச்சி பாயில் இடம் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா வாளியை இழுத்து முடிக்க முதல் ஷெல் கூரையில் விழுந்தது. இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் சின்னம்மாவின் நினைவுப் பூசை முடிய அம்மா சொல்லுவார். ஒரேமாதிரித்தான் முடிப்பார்: என்னைத் தண்ணிக்கு அனுப்பினது ஆண்டவர்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அந்த மூன்று வாக்கியங்களையும் நான் தமிழில் சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "மூண்டும் சரிதானே. இப்ப என்ன பிரச்சினை?" என்றார்.

"மூண்டும் ஒண்டாச் சரியா இருக்கேலாது அம்மா."

"உதைப் படிக்கவே கம்பஸுக்குப் போறாய்? எனக்கு மூண்டாம் வகுப்பிலையே தெரியும்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. உங்களைத் தண்ணிக்கு அனுப்பினவர், சின்னம்மாவை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

அம்மா எழும்பிப் போய்க் குசினியில் பைப்பைத் திறந்துவிட்டார். பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு நான் பூசைக்குப் போனேன், ஆனால் நன்மை எடுக்க எழும்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எழும்பவில்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இப்போது அம்மாவின் நேர்த்தியை நான் எப்படி நினைத்தாலும் அது வந்து முட்டுகிற இடம் ஒன்றுதான். ஒரு தாயின் முதுகெலும்பு நோவைக் காணிக்கையாக வாங்கிக்கொண்டு மகனை ஆலயத்துக்கு அனுப்பிவைக்கிற கடவுளை என்னால் நம்ப முடியாது. நான் நம்பாதபடியால்தான் அம்மா நோகிறார். அவர் நோக நோக நான் இன்னும் நம்பாமல் போகிறேன். நான் இன்னும் நம்பாதபடியால் அவர் இன்னும் கூடுதலாக ஒப்புக்கொடுக்கிறார். மார்க்கம் நகரத்தில் உள்ள என் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இதுதான் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு நிரல் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைத்தால் அதை எங்கே வெட்டி நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இதை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

அடுத்த முறை டொக்டர் கேட்டபோது அம்மா வழக்கம்போல "ரெண்டு" என்றார். நான் "எயிட்" என்றேன்.

என் பிழை, அம்மா பதினெட்டு வருடம் பக்டரியில் பெட்டி அடுக்கியவர் என்பதை மறந்தது. அங்கே பெட்டிகளை ஆங்கிலத்தில்தான் எண்ணுவார்கள். அவருக்கு ஆங்கிலத்தில் வேறொன்றும் பெரிதாக வராது, எண்கள் வரும்.

"நோ நோ, டொக்டர்," என்றார் அம்மா, இரண்டு விரலை உயர்த்தி. "டூ. ஒன்லி டூ." பிறகு என்னிடம், சிரித்த முகம் மாறாமல், "வீட்டை வா உனக்கு" என்றார்.

டொக்டர் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. தாயின் வாய்க்குள் சொல்லைத் திணிக்கிற மகன் என்று நினைத்திருக்க வேண்டும். தொலைபேசியில் வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுகிற ஒரு பெண்.

"அன்ரி, உங்களுக்கு இண்டைக்கு நோ பத்துக்கு எத்தினை?"

"பிள்ளை நீர் எந்த ஊர்?"

"அன்ரி, அது நாங்கள் கதைக்கக்கூடாது. நோ எத்தினை?"

"ரெண்டு பிள்ளை. இவன் பயந்த பெடியன், அவனுக்குத்தான் எட்டு."

கதிர்ச் சிகிச்சை மறுபடி தள்ளிப்போனது.

நான் சுவாமியிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம், ஆங்கிலப் பூசைகள் எல்லாம் முடிந்த பிறகு எங்களுக்குக் கிடைக்கிற ஆலயத்தில் தமிழ்ப் பூசை வைக்கிறவர். உடுப்பு மாற்றுகிற அறையில் நின்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். நேர்த்தியை மாற்றிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது என்று நான் இணையத்தில் வாசித்திருந்தேன்.

"இருக்குத்தான்," என்றார். "ஆனா உம்மடை அம்மாதான் வந்து கேக்கவேணும். நான் போன மாசமே சொல்லிப் பாத்தனான். மருந்து குடிக்கிறது பாவமில்லை, திருச்சபை அப்பிடிச் சொல்லேல்லை எண்டு. சிலுவையிலை அவரே தாகமா இருக்கெண்டு சொல்லிக் குடிச்சவர்தானே எண்டும் சொன்னன். கொம்மா என்ன சொன்னவ தெரியுமே?"

"என்ன?"

"அது கடைசியிலை சுவாமி, சிலுவையிலை அறையமுதல் மயக்கம் வாறதுக்குக் குடுத்ததை அவர் வாங்கேல்லை எண்டு சொன்னவ. உண்மைதானே."

பெருமைப்பட்டேன். அந்த நேரத்திலும் பெருமைப்பட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

"சுவாமி, கடவுள் உந்த நோவை வாங்கிறாரோ?"

அவர் தோளில் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து மேசையில் வைத்தார்.

"வாங்கிறார் எண்டு சொன்னா நீர் இனி இந்தப் பக்கம் வரமாட்டீர். வாங்கேல்லை எண்டு சொன்னா கொம்மா பட்டதெல்லாம் வீணாப் போகும். அவர் கொம்மாவோடை சேந்து நோகிறார் எண்டு நான் நம்பிறன். அது உமக்குக் காணாது, தெரியும்."

"காணாது."

"ஓம். எனக்கும் சில நாளைக்குக் காணாது."

கதவடியில் வைத்துச் சொன்னார்: "நீர் வரிசையிலை வாரும் தம்பி. நன்மை எடுக்கவேண்டாம். நெஞ்சிலை கையைக் குறுக்கை வைச்சுக்கொண்டு வாரும், ஆசீர் தருவன். வாறதுக்கு அது போதும்."

அவர் நல்ல மனதோடு சொன்னார். நான்தான் அதைத் தந்திரமாக மாற்றினேன். அம்மா முதுகு நோவால் ஆலயத்தின் கடைசி மர வாங்கில் இருப்பவர். பூசை முடிவில் சுவாமியே அங்கே வந்து அவருக்கு நன்மை கொடுப்பார். கடைசி வாங்கிலிருந்து பார்த்தால் வரிசையில் நிற்கிறவனின் முதுகு மட்டும்தான் தெரியும். கை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அந்த ஞாயிறு எழும்பினேன். சுவாமி என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். திரும்பும்போது கையை இறக்கி, தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அம்மா அப்போது என்னைப் பார்க்கவில்லை. முழங்காலில் இல்லாவிட்டாலும் முழங்காலில் இருப்பவர்போல முன் வாங்கில் நெற்றியை வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டார். காலையில் தவறவிட்ட குளிசையை என் கண் முன்னால் விழுங்கினார்.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. காலையில் வேலைக்குப் போகமுதல் நானே குளிசை கொடுத்தேன், அவர் விழுங்குவதைப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. ஒரு கிழமை தடிமன் காய்ச்சல் என்று படுக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் படுத்தால் அவர் முதுகு நோகும். தொலைபேசியில் அம்மா செபக் கூட்டத்து அன்ரிமாருக்கு மகன் மனந்திரும்பின கதையைச் சொல்வதை மாடிப்படியில் நின்று கேட்டேன். "கேட்டன், தந்தவர்," என்றார். கடவுள் நல்லவர் என்பதற்கு எங்கள் வீட்டில் இருந்த சாட்சி நான்தான். பொய்ச் சாட்சி.

நோவோ எதிர்பார்த்த அளவு குறையவில்லை. பெரிய வெள்ளி முடிந்து உயிர்த்த ஞாயிறு வரும்போது அம்மாவால் ஆலய வாசலிலிருந்து கடைசி வாங்குவரைகூட நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். நன்மை நேரம் வந்தபோது அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இண்டைக்கு என்னை முன்னுக்குக் கொண்டுபோ. பெருநாள். நானே போய் எடுக்கப்போறன்."

தள்ளினேன். இரண்டு கையும் நாற்காலியின் பிடியில். கையைக் குறுக்கே வைக்கவேண்டுமானால் பிடியை விடவேண்டும். ஆலயத்தின் நடை பீடத்தை நோக்கிக் கொஞ்சம் சரிவு. விட்டால் அம்மாவுக்குத் தெரியும்.

சுவாமி குனிந்து அம்மாவின் நாக்கில் வைத்தார். அம்மா எல்லாருக்கும் கேட்க ஆமென் சொன்னார். பிறகு சுவாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். அவர் விரல்களுக்கு நடுவே அப்பம் இருந்தது. அவர் அதை உயர்த்தவுமில்லை, திரும்பப் பாத்திரத்துள் வைக்கவுமில்லை.

வாயைத் திறந்தால் போதும். நம்பாதவனுக்கு அது மாவும் தண்ணீரும். வாயைத் திறந்தால் பொய் உண்மையாகிவிடும், அம்மாவின் நேர்த்தியும் முடிந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். வெறும் மா என்றால் எனக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. சுவாமி என் நெற்றியில் சிலுவை போட்டார். அம்மா முன்னால் பார்த்தபடி, வாய்க்குள் இருந்ததைக் கரைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தார்.

காருக்குள் அவரை ஏற்றி, பட்டியை மாட்டிவிட்டு, நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்துவிட்டு வந்து இருந்தேன். சாவியைத் திருப்பவில்லை.

"உன்ரை ஆமென் கேக்கேல்லை," என்றார் அம்மா.

"ஓம்."

"எனக்கு முதல் ஞாயிறே தெரியும்."

"சுவாமி சொன்னவரோ?"

"அவர் ஏன் சொல்லுறார். நீ எதை வாய்க்குள்ளை போட்டாலும் உன்ரை காது ரெண்டும் அசையும். சின்னனிலை இருந்து அப்பிடித்தான். பின்னாலை இருந்து பாத்தாலே தெரியும். அண்டைக்கு அசையேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக முடியவில்லை.

"பேந்து ஏன் குளிசை எடுத்தனீங்கள்?"

"காலமை மட்டும்தானே எடுத்தனான். நீ ஆசீர் எடுத்தனிதானே. ஆசீருக்குப் பாதி."

"பின்னேரக் குளிசை?"

கைப்பையைத் தட்டிக் காட்டினார். பின்னேரக் குளிசை கொடுப்பது அப்பாவின் பொறுப்பு. அவர் அஜக்ஸ் நகரத்தில் வேலை முடிந்து வந்து கொடுப்பவர். பிறகு கேட்டபோது அவர் கத்தினார்: "கையிலை குடுத்தனான். விழுங்கினாவோ எண்டு வாய்க்குள்ளை ரோர்ச் அடிச்சுப் பாக்கிறதே?"

ஆலய வாசலில் பிள்ளைகள் பெருநாள் உடுப்போடு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, எனக்கு ஏலாது," என்றேன். "நீங்கள் இப்பிடி நோக நோக எனக்கு இன்னும் ஏலாமல் போகுது. நான் வேணுமெண்டு செய்யேல்லை. நீங்கள் நோகாமல் இருந்தா ஒருவேளை..." முடிக்கத் தெரியவில்லை.

அம்மா ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார்.

"நீ அண்டைக்குக் கேட்டியே," என்றார். "தங்கச்சியை ஏன் அனுப்பேல்லை எண்டு."

"அதுக்கு நான்..."

"கேளன். அவளைத்தான் தண்ணிக்குப் போகச் சொன்னது. அவளின்ரை முறை. தலையிடி எண்டாள். அதுதான் நான் போனன்." பட்டியை நெஞ்சிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "உன்ரை கேள்வி எனக்குக் கிணத்தடியிலையே வந்திட்டுது மோனை. நீ கம்பஸுக்குப் போய்க் கொண்டுவந்தது இல்லை."

இத்தனை வருடமும் நான் கேட்ட கதையில் தலையிடி இருந்ததில்லை.

"அப்ப எப்பிடி அம்மா நம்பிறீங்கள்?"

"நம்பாட்டி அந்தக் கேள்வியை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அது எனக்கு மறுமொழி இல்லை. அவருக்கும் அது மறுமொழியாக இருந்ததா தெரியாது. நான் காரைக் கிளப்பினேன். பள்ளிக்கூடத்து முதல் மேட்டில் ஏறும்போது அவர் பிடியைப் பிடித்தார். நான் கேட்டேன்:

"பத்துக்கு எத்தினை?"

இரண்டாவது மேடும் போனது.

"எட்டு," என்றார். "நீ அண்டைக்குச் சரியாத்தான் சொன்னனி."

புதன்கிழமை டொக்டர் கேட்டார். அவர் மேசையில் தொலைபேசி தயாராக இருந்தது, என்னை அவர் இன்னும் நம்பவில்லை. அம்மா வழக்கம்போல் கதிரையின் நுனியில் இருந்தார். மேலே பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு," என்றார்.

நான் "எயிட்" என்றேன். டொக்டர் அம்மாவைப் பார்த்தார், விரல் உயருமா என்று. அம்மா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஒருமுறை அசைத்தார். அடுத்த கிழமையே கதிர்ச் சிகிச்சைக்கு நாள் போட்டார்கள்.

பின்னேரக் குளிசையை அவர் எடுக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. செபமாலைப் பையைத் திறந்து பார்க்கவுமில்லை. அந்த ஞாயிறு அவர் பழையபடி கடைசி வாங்கில் இருந்தார். வரிசை எழும்பியபோது நானும் எழும்பினேன். அவரை ஏமாற்ற இனி ஒன்றும் இல்லை, எழும்பாமல் இருக்கவும் முடியவில்லை. நெஞ்சில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து அம்மா என் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, முன்னால் நின்றவரின் குதிக்காலைப் பார்த்தபடி ஒவ்வொரு அடியாக நகர்ந்தேன்.